லேப்டாப்புக்குத் தைத்த உறை

மக்கா,

போன வாரம் கடையில் நான் பட்ட வெட்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அம்மை அதை இரண்டு மடங்காக்கிப் போனில் சொல்லிவிடுவாள். காஞ்சிரங்குளத்தில் டியூட்டோரியல் நடத்துகிற ஒருவர், ஒரு கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அமரவிளையில் நம் கடைக்கு வந்தார். ஜீப்பின் சீட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே நிற ரெக்சினில் கவர் வேண்டும் என்றார். அளவெடுக்க டேப்பைத் தூக்க வேண்டிய நான், கம்ப்யூட்டரைக் கரண்டில் சொருகி ஓடவிடச் சொன்னேன். ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு அதன் முதுகிலும் விலாவிலும் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, ஜெபமா?" என்று கேட்டார். "இல்ல சார், இது எந்தப் பக்கமா மூச்சு விடுதுன்னு பாக்குதேன்" என்றேன். சீட் மாற்ற வந்து உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது. ஒருத்தன், "மேஸ்திரி, எனக்க வண்டிக்கும் ஒருக்க நாடி பிடிச்சுப் பாத்துரும். ராத்திரியெல்லாம் இருமலு" என்றான். நானும் சிரித்தேன். ஆனால் கையை எடுக்கவில்லை. முதுகுப் பக்கம் சூடான காற்று வந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வெட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சூடு உள்ளங்கையில் இருப்பது போலவே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனில், "இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கச் சொல்லுதாவ அப்பா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாய். நான், "ஒனக்க அம்மை கூப்பிடுதா" என்றேன். அம்மை அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி, தலையில் துண்டோடு அவளை ஓடிவர வைத்து, ரிசீவரை அவள் கையில் திணித்துவிட்டு நான் முற்றத்துக்குப் போய்விட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டு ஊசியை எடுத்த ஆள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

எனக்கு உள்ள வியாதி உனக்குத் தெரியும். வீட்டுக்குள் எந்தப் பொருள் வந்தாலும் அதற்கு உடுப்பு தைத்துப் போட்டுவிட வேண்டும். டிவிக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த கவர். மிக்சிக்குப் பாவாடை. போனுக்குத் தொப்பி. முன்பு ஒரு பல்லி ரேடியோவுக்குள் நுழைந்து, செத்து, ரேடியோவையும் கூடவே கொண்டுபோன நாளிலிருந்து, சந்து என்று எதைக் கண்டாலும் எனக்கு ஆகாது. உன் சைக்கிளை நினைத்துப் பார். சீட்டுக்கு மட்டும் போதாதென்று பாருக்கும் கேரியருக்கும் ஹேண்டிலுக்கும் சிவப்பு ரெக்சினில் தைத்து மாட்டினேன். நீ வளைவு திரும்பியதும் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, சாயங்காலம் அதே வளைவில் நின்று திரும்ப மாட்டிக்கொண்டு வருவாய் என்று வெகுநாள் கழித்து அம்மை சொன்னாள். "அவன் வெயிலு கொண்டாலும் பரவாயில்லன்னு நினைக்கான். நீங்க சைக்கிளுக்கே குடை பிடிச்சா பின்ன எப்படி?" என்று கேட்டாள். கேட்டபோது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பாடம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். படித்திருந்தால் அந்தச் சனிக்கிழமை நடந்தது நடந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை நீ கம்பெனி லேப்டாப்பைத் திருவனந்தபுரத்திலிருந்து கொண்டுவந்திருந்தாய். அதை மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தாய். சாப்பாட்டு மேசையில் வைத்து, திறந்து, எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாய். இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிப் போகுமாம். ஒரு பேங்கின் கணக்குகளில் உள்ள வருஷங்களை எல்லாம் இது ஒன்றொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறதாம். சாயங்காலம் வரை நிற்காமல் ஓட வேண்டுமாம். நாளை ஞாயிறானாலும் காலையில் அதை ஒப்படைத்தால் அந்த வேலையோடு வெளிநாட்டுக்குப் போகிறவன் நீ. ஒப்படைக்காவிட்டால் உன் இடத்தில் வேறொருவன். பிளாப்பியில் எடுத்து வைத்திருந்தது முன்வார வேலை மட்டும்தான். "ஒரு கீயையும் தொடப்பிடாது. அணைக்கப்பிடாது. மூடப்பிடாது. நான் நெய்யாற்றின்கரை போயி விசாவுக்குப் போட்டோ எடுத்துட்டு வாறேன்" என்றாய். "சத்தியமா தொடமாட்டேன்" என்றேன். நான் ஒரு கீயையும் தொடவில்லை என்பதை இப்போதும் பைபிளில் கைவைத்துச் சொல்வேன்.

நீ போன பிறகு அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அப்போதுதான் பார்த்தேன், விலாவில் வரிவரியாகச் சந்து. குனிந்து பார்த்தால் அடியிலும் சந்து. மேசைக்காலில் எறும்பு வரிசை போட்டு ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பல்லியும் ரேடியோவும் ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய விலைச் சாமானைச் செய்தவன், சந்தை அடைக்க மறந்துவிட்டானே என்று அவன்மேல் பரிதாபம்கூட வந்தது. போகிறபோது உனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் இருந்தேன் என்பதும் ஒரு காரணம். அட்டையை எடுத்து அளவு வரைந்தேன். நல்ல கறுப்பு ரெக்சின், உள்ளே கனமான ஃபோம், ஓரத்தில் இரட்டைத் தையல். கீபோர்டையும் திரையையும் திறந்து விட்டு, மற்ற எல்லாவற்றையும் இறுக்கமாக மூடுகிற மாதிரி, ஜீப் சீட்டுக்குப் போடுவதைப் போல, போட்டபடியே வேலை செய்யலாம். அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் குமிழ் இருந்ததா? அது ஆடாமல் உட்கார ஃபோமில் நான்கு குழி வெட்டினேன். ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. லேப்டாப்பை இரண்டு கையாலும், ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, உள்ளே இறக்கி, ஜிப்பை இழுத்தேன். என் ஆயுசில் அவ்வளவு கச்சிதமாக ஒரு கவர் தைத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே வண்டு போல இரைச்சல் கேட்டது. நன்றாக உழைக்கிறது என்று நினைத்தேன். இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. அம்மை மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியோடு அடுக்களையிலிருந்து வந்து, "இஞ்சேருங்க, இது என்ன இப்பிடிக் கூவுது?" என்றாள். "வேலை முடியப்போவுது, அதாக்கும்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் நின்றது. திரை கறுத்தது. "பாத்தியா, முடிஞ்சு. சாயங்காலம் வர ஆவும்னு சொன்னான். வெள்ளனவே முடிச்சிட்டுது" என்று நான் சந்தோஷப்பட்டேன். சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான், மக்கா. அம்மைதான் மூக்கைச் சுளித்து, "என்னமோ கருகுது" என்றாள். ஃபோம் ஒட்டுகிற பசையின் வாசனை எனக்குத் தெரியாதா? ஜிப்பைத் திறந்து அடியில் கை வைத்தேன். இஸ்திரிப் பெட்டியில் வைத்தது போல இழுத்துக்கொண்டேன். ஃபோம் இளகி விலாவில் உள்ள வரிகளுக்குள் புகுந்து ஒட்டியிருந்தது.

நீ வந்தபோது நான் வாசலில்தான் நின்றேன். நீ செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டாய். மேசைக்குப் போய், கறுத்த திரையைப் பார்த்து, கழற்றிக் கிடந்த கவரைப் பார்த்து, அதைக் கையில் எடுத்துத் திருப்பினாய். குழிகளைப் பார்த்தாய்.

"அப்பா, இது நீங்க தச்சதா?"

"ஆமாலே. எறும்பு கேறுமோன்னு..."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதா போட்டிய?"

"கீயைத் தொடல்ல மக்கா."

நீ கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ கத்தவில்லை. கவரை மடித்து நாற்காலியில் வைத்தாய், யாரோ விருந்தாளியின் துண்டை மடித்து வைப்பது போல. அதுதான் என்னைக் கொன்றது. பிறகு சுவிட்சை அழுத்தினாய். ஒரு சின்ன விளக்கு எரிந்தது, உள்ளே ஏதோ ஒரு சுற்று சுற்றியது, அணைந்தது. அம்மை, "கர்த்தரே" என்றாள். நீ உன் கையையே திட்டுவது போலச் சொன்னாய்: "ஆறாம அழுத்தினது தப்பு. இனி ஆறுறது வர தொடப்பிடாது."

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. உன் கம்பெனி சார். நீ நிமிர்ந்து நின்று மலையாளத்தில் பேசினாய். "தீர்ந்நோடா?", முடிந்ததா என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. "கழியாறாயி சார்," முடியப்போகிறது என்று சொன்னாய். பொய் சொல்லத் தெரியாத உன் காது சிவந்துவிட்டது. "ராவிலெ இல்லெங்கில் வேறே ஆளெ அயக்கேண்டி வரும், கேட்டோ" என்றார் அவர், காலையில் கிடைக்காவிட்டால் வேறு ஆளை அனுப்ப வேண்டி வருமாம். நீ ரிசீவரை வைத்தாய். சூடு ஆறுமா, ஆறினாலும் எழும்புமா, எழும்பினாலும் பேங்கின் கணக்கு உள்ளே இருக்குமா என்று மூன்று பேரும் ஒரு கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் சும்மா இருக்க மாட்டாமல், "பிரிட்ஜில வச்சாலோ?" என்றேன். "பிடிக்குத ஈரம் உள்ள நிக்கும் அப்பா. மிச்சம் இருக்கதும் போவும்" என்றாய். "ஈரத்துணி?" என்றாள் அம்மை. உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வந்த சிரிப்பு, இருந்தாலும் சிரிப்பு. லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, பாட்டரியை உருவி எடுத்து, எங்களுக்குக் காட்டிச் சொன்னாய்: "இஞ்ச பாருங்க. அடியில இந்தச் சந்து வழியா காத்தை வலிச்சு எடுக்கும். உள்ள ஒரு குட்டி ஃபேன் உண்டு. சூடு உள்ள இடத்திலேர்ந்து ஒரு செம்புக் குழாய் ஃபேன்கிட்ட வருது. அது விலா வழியா வெளிய தள்ளும். பாக்கிச் சூடு கீபோர்டுக்க அடியில இருக்க தகட்டில பரவி, இந்தப் பெட்டி மேலாலேயே போயிரும். பெட்டியே பாதி ஃபேன் ஆக்கும்." நான், "அப்போ அந்த நாலு ரப்பர் குமிழ்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "அது காத்து போறதுக்கு எடம் விடுதுக்கு அப்பா" என்றாய். அந்த இடத்தைத்தான் நான் குழிவெட்டி நிரப்பியிருந்தேன். செய்தவன் எதையும் மறக்கவில்லை. சந்துகள்தான் அதன் உடுப்பு.

வரிகளுக்குள் ஒட்டிய ஃபோமை எடுக்க வேண்டும். குண்டூசியால் நீ முயன்றாய். அது வரிக்குள் வளையவில்லை. என்னுடைய வளைந்த ஊசியை எடுத்து வந்தேன். "அமுக்காதீங்க, உள்ள தள்ளிப் போனா ஃபேன் நின்னுரும்" என்று நீ டார்ச் பிடித்தாய். பேரன் காதில் இருந்து பட்டாணி எடுப்பதைப் போல ஒவ்வொரு துணுக்காக இழுத்தேன். இல்லாத பேரனைச் சொல்கிறேன், பயப்படாதே. உன் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கடைசி வரி சுத்தமானபோது கரண்டு போனது. அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் நிறுத்துவார்களே, அதுதான். தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது. வீட்டுக்குள் ஒரு காற்றும் இல்லை. அம்மை மெழுகுவர்த்தியோடு வந்தாள். "அதைக் கிட்ட கொண்டு வராதிய அம்மா" என்றாய். அவள் அதைத் தூரத்தில் வைத்துவிட்டு, அறைக்குள் போய் முழங்கால் போட்டாள். உள்ளேயிருந்து அவள் ஜெபம் கேட்டது. கடவுளுக்கு லேப்டாப் என்றால் என்னவென்று விளங்கட்டும் என்றோ என்னவோ, "அந்த டிவி மாதிரி மடக்குற சாமான்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கவருக்கு வரைந்த அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தேன். நீ காலியான நூல்கட்டைகளில் நான்கைப் பொறுக்கி, நான்கு மூலைக்கும் கீழே வைத்து அதைத் தூக்கி நிறுத்தினாய். அடியில் காற்று போக வழி வந்தது. இருட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். வெகுநேரம் விசிறினேன். நீ அடிக்கடி புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தாய், காய்ச்சல்காரனைத் தொடுவது போல. கோபம் உனக்குள் ஆறிக்கொண்டிருந்ததா, ஏறிக்கொண்டிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான் கையைக் காட்டிப் பார்க்க ஒரு சந்தும் நீ வைக்கவில்லை. நானும் வைத்ததில்லை. நம் வீட்டு ஆண்களின் பெட்டி அப்படித்தான் செய்து வந்திருக்கிறது.

அப்போது நீ சொன்னாய், என்னைப் பார்க்காமல்: "அப்பா, இது கறுத்துக் கிடக்கதப் பாத்தப்போ, ஒரு நிமிஷம், இனி போக வேண்டாமேன்னு எனக்கு ஆசுவாசமா இருந்துது." என் கை நின்றது. நீ கேட்டாய், "என்ன அப்பா, கை வலிக்குதோ?" "ஆமாலே" என்றேன். "நான் வீசுதேன், தாங்க" என்று அட்டையை வாங்கிக்கொண்டாய்.

கரண்டு வந்தது. மேலே ஃபேன் சுற்றியது. நீ பாட்டரியைச் சொருகி, வயரைச் சொருகி, விரலை சுவிட்ச் மேல் வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தாய். அம்மை உள்ளேயிருந்து வந்து உன் தோளைப் பிடித்தாள். அழுத்தினாய். விளக்கு எரிந்தது. உள்ளே சுற்றியது. நிற்கவில்லை. ஒரு பீப் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு அம்மை அழுதாள். வெகுநேரம் கழித்துத் திரையில் எழுத்து வந்தது. நீ எதையெதையோ தேடி, "பாதி வர இருக்கு அப்பா. நின்ன எடத்திலேர்ந்து ஓட்டலாம்" என்றாய். நான் விலாவில் உள்ளங்கையைக் காட்டினேன். வெதுவெதுப்பான காற்று வந்து கையில் பட்டது. நீ அதைத் திரும்ப ஓடவிட்டாய். விடியும் முன் முடித்தாய். முதல் பஸ்ஸுக்கு நான் பாறசாலை வரை வந்தேன். பஸ் ஏறும்போது, "நூல்கட்டைய எடுத்துக்கிடுதேன் அப்பா" என்றாய். "கவரு?" என்று கேட்டேன். "அது அங்க இருக்கட்டு" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் கவரை இப்போது வெற்றிலைப் பெட்டிக்குப் போட்டிருக்கிறேன். வெற்றிலைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வருஷம் இருப்பதா, வருவதா என்று நீயே பார்த்துக்கொள். எனக்குத் தெரிந்த அளவில் இதுதான் சொல்ல முடியும். அங்கே எத்தனை வேலை கொடுத்தாலும் அடியில் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டுக்கொள். சூடு ஏறியதும் லேப்டாப் தன்னைத்தானே அணைத்துக்கொண்டதே, அது கெட்டுப்போனதால் அல்ல, கெட்டுப்போகாமல் இருக்க என்று நீதான் எனக்குச் சொன்னாய். உனக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் வெட்கப்படாதே. உடனே யாரும் வந்து சுவிட்சை அழுத்த விடாதே. ஒரு பெண்ணைக் கட்டினால், அவள் பேசாமல் இருக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அந்தத் தவறை உன் அம்மையிடம் நான் நிறையச் செய்திருக்கிறேன். அவளைப் போலக் கத்தியோடு அடுக்களையிலிருந்து வந்து சொல்வார்கள் என்று எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்க்க முடியாது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். போனுக்குப் போட்ட தொப்பியைக் கழற்றிவிட்டேன், மணி அடிக்கிறது இப்போது தெளிவாகக் கேட்கிறது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு நீ ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். அன்று என் மனதில் இருந்ததை நான் சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய். அதனால்தான் சொல்லவில்லை. இருட்டில் நீ ஆசுவாசம் என்று சொன்னபோது எனக்கும் அதேதான் தோன்றிக்கொண்டிருந்தது, நீ சொல்வதற்கு முன்பிருந்தே. விசிறிக்கொண்டே, அந்தப் பெட்டி எழும்பாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கை வலிக்கவில்லை, மக்கா.